பெர்லினில் ஒரு நீண்ட இரவு

அயல்தேசத்து நகரம் ஒன்றின் சரித்திரத்தை அறிய விரும்பும் பிரயாணி, முதலில் நாடிச் செல்வது அரசர்களும் சக்கரவர்த்திகளும் திரட்டி வைத்த செல்வங்கள் நிறைந்த மாளிகைகளையே என்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். பெர்லினுக்குச் செல்பவர்களும் அவ்வாறே ஸ்ப்ரே நதியின் நடுவே அமைந்த மியூசியம் தீவுக்குச் சென்று, எகிப்து தேசத்து அரசி நெஃபர்டிட்டியின் சிலையின் முன் நின்று வியந்து திரும்புகிறார்கள். அச்சிலை காணத்தக்கதே, அதில் ஐயமில்லை. ஆயினும் அது நைல் நதிக்கரையின் கதையைச் சொல்வது. பெர்லினில் பிறந்து, உழைத்து, பசித்து, பாடி, மடிந்த மக்களின் கதையை அதனிடம் கேட்க முடியாது. அந்தக் கதையைச் சொல்லும் இல்லம், அதே நதித்தீவின் தென்முனைக்கு எதிரே, செங்கற்கோபுரம் ஒன்றை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. மெர்க்கிஷ் மியூசியம் என்று வழங்கும் அந்த நகர வரலாற்றுப் பொருட்காட்சிசாலைக்கு நான் சென்றது சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவில். நகரத்தின் பொருட்காட்சிசாலைகள் பலவும் நள்ளிரவு கடந்தும் கதவடைக்காமல் ஜனங்களை வரவேற்கும் ‘நீண்ட இரவு’ விழாவின்போது.

இந்த விழா பிறந்ததே பெர்லினில்தான். கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடந்த நகரம் ஒன்றாகிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், 1997 பிப்ரவரி மாதத்துக் குளிரில், 12 பொருட்காட்சிசாலைகள் கூடி இம்முயற்சியைத் தொடங்கின. பகலெல்லாம் அலுவலகத்திலும் ஆலையிலும் கடையிலும் உழைக்கும் மனிதனுக்குப் பொருட்காட்சிசாலையின் கதவு எப்போதுமே மூடிய கதவாக இருக்கிறது. அவன் வேலைக்குச் செல்லும் வேளையில் அது திறக்கிறது, அவன் வீடு திரும்பும் வேளையில் அது அடைத்துக்கொள்கிறது. இந்த முரண்பாட்டை ஒரே ஓர் இரவுக்கேனும் நீக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு மக்கள் அளித்த ஆதரவினால், விழா வளர்ந்து, கோடைக்கும் உரியதாகி, பிற்காலத்தில் ஆகஸ்டு மாத இறுதியிலேயே நிலைபெற்றது. மாலை 6 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை, ஒரே நுழைவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சாலைக்குள்ளும் நுழையலாம். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் பேருந்துப் பயணமும் அச்சீட்டிலேயே அடங்கிவிடும். வியன்னாவும் ஆம்ஸ்டர்டாமும் கடல் கடந்த பியூனஸ் ஏர்ஸும் பின்னர் இதே வகையான இரவுகளைத் தமக்கென ஏற்படுத்திக்கொண்டன.

நான் பாதாள ரயிலில் சென்று இறங்கிய நிலையத்துக்கும் அப்பொருட்காட்சிசாலையின் பெயரே வழங்குகிறது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அகன்று வளைந்த கூரையுடைய அந்த நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்தபோது, மணி எட்டை நெருங்கியும் மேற்கு வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. வடதேசத்துக் கோடையில் பகல் நெடுநேரம் தாமதித்தே விடைபெறுகிறது. எதிரே கோல்ன் பூங்கா. பெர்லின் நகரின் சின்னம் கரடி; ஆதலால் இப்பூங்காவிலே ஒரு கூண்டு கட்டி, 1939 முதல் உயிருள்ள கரடிகளையே வைத்து வளர்த்தார்கள். போரும் பிரிவினையும் கண்ட அந்தக் கூண்டில் கடைசியாக வாழ்ந்த ஷ்னூட்டே என்ற பெண்கரடி 2015-இல் இறந்தபின், இனிக் கரடிகளை அடைத்து வைப்பது தகாது என்று உணர்ந்து, அவ்விடத்தைக் கலைக் காட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பூங்காவில் சித்திரக்காரர் ஹைன்ரிஷ் ஸில்லேயின் சிலையும் இருக்கிறது. இருட்டுச் சந்துகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களையும், வாடகை வீடுகளின் பின்கட்டில் விளையாடிய குழந்தைகளையும் அன்போடு வரைந்து வைத்த கலைஞர் அவர். அரசர்களின் குதிரைச் சிலைகள் நிறைந்த நகரத்தில், ஏழைகளின் சித்திரக்காரருக்கு நகர வரலாற்று இல்லத்தின் அருகிலேயே இடமளித்திருப்பது மிகவும் பொருத்தமானது.

பொருட்காட்சிசாலையின் வாயிலில், உயர்த்திய வாளுடன் ரோலண்ட் வீரனின் கற்சிலை நிற்கிறது. மத்திய காலத்து ஜெர்மனியில், சந்தை கூட்டவும் நீதி வழங்கவும் சுதந்திரம் பெற்ற நகரங்கள் அவ்வுரிமையின் அடையாளமாகத் தம் நகரச் சதுக்கங்களில் இவ்வீரனை நிறுத்தி வைத்தன. இங்கே நிற்பது பிராண்டன்பர்க் நகரத்தில் 1474-இல் எழுப்பப்பெற்ற சிலையின் பிரதி. அதன் காலடியில் தொடங்கிய மக்கள் வரிசை பூங்காவின் வேலி வரை நீண்டிருந்தது. தோளில் உறங்கும் குழந்தையைச் சுமந்த தகப்பன், கைத்தடியை ஊன்றி நின்ற மூதாட்டி, மருத்துவமனைப் பணி முடித்து நேரே வந்துவிட்டதாகத் தம் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்த தாதி, பள்ளி மாணவர்கள், துருக்கிய மொழியில் உரையாடிய ஒரு பெருங்குடும்பம் என்று பலதரப்பட்ட மக்களும் ஒரே வரிசையில் பொறுமையாக நின்றார்கள். அவர்களைப் பார்த்தபோது, இந்தக் கட்டடத்தை எழுப்பியவர்களின் நோக்கம் இந்த இரவில்தான் முழுமை பெறுகிறது என்று எனக்குத் தோன்றியது.

அந்த நோக்கம் யாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1871-இல் ஜெர்மானியப் பேரரசின் தலைநகரமானபோது பெர்லினின் ஜனத்தொகை 8 லட்சத்துக்குச் சற்றே அதிகம். 1905-இலோ அது 20 லட்சத்தை எட்டிவிட்டது. ரயில் பாதைகளும் ஆலைகளும் ஐந்தடுக்கு வாடகை வீடுகளும் புற்றீசலென எழுந்த அவ்வேகத்தில், பழைய வீடுகளும் நகரச் சுவர்களும் கைத்தொழிலாளர் சங்கங்களின் மண்டபங்களும் இடிபட்டு மறைந்துகொண்டிருந்தன. இவற்றை இழப்பது நகரம் தன் ஞாபகத்தையே இழப்பதாகும் என்று கவலையுற்ற எர்ன்ஸ்ட் ஃப்ரீடல் என்ற நகராட்சி உறுப்பினர், 1874-இல் இப்பொருட்காட்சிசாலையைத் தோற்றுவித்தார். அரசனின் பொக்கிஷத்திலிருந்து ஒரு பொருளும் வாங்காமல், குடிமக்கள் கொண்டுவந்து கொடுத்த பொருள்களாலேயே அது வளர்ந்தது. பழைய பூட்டு, உடைந்த பானை, கைத்தொழிலாளர் சங்கத்தின் கிண்ணம், வயலில் உழும்போது அகப்பட்ட கற்கோடரி என்று வந்து குவிந்த பொருள்களுக்கு நிரந்தரமான இடமில்லாமல் பல கட்டடங்களில் மாறி மாறித் தங்கிய பின்னரே, நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரான லூட்விக் ஹோஃப்மன் அமைத்த இந்தச் செங்கல் மாளிகை 1908-இல் திறக்கப்பெற்றது.

ஹோஃப்மன் செய்த காரியம் விசித்திரமானது. பெர்லினைச் சூழ்ந்த பிராண்டன்பர்க் நாட்டின் பழங்கட்டடங்களை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, விட்ஸ்டாக் என்ற ஊரில் இருந்த ஆயர் கோட்டையின் கோபுரத்தையும், பிராண்டன்பர்க் நகரத்துக் காதரினா ஆலயத்தின் அலங்கார முகப்பையும் முன்மாதிரியாகக் கொண்டு, பல காலத்துப் பாணிகளையும் ஒரே கட்டடத்தில் இணைத்தார். முற்றங்களைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் அந்த மாளிகையில் ஓர் அறை மடாலயத்தையும், அடுத்த அறை கோட்டையையும் நினைவூட்டுகின்றன. உள்ளே வைக்கப்படும் பொருள்கள் தத்தம் காலத்துச் சூழ்நிலையிலேயே வாழவேண்டும் என்பது அவர் கருத்து. மத்திய கால மரச்சிற்பங்கள் வைக்கப்பெற்ற கோதிக் சிற்றாலயத்தின் வளைகூரையின்கீழ் அன்றிரவு ஒரு சிறு குழுவினர் பழைய சங்கீதம் இசைத்துக்கொண்டிருந்தார்கள். குறுகிய ஜன்னல்களுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வர, மங்கிய விளக்கொளியில் அந்த மரத்துறவிகளின் முகங்களில் பகற்காலத்தில் தெரியாத ஒரு சிந்தனைச் சாயை படர்ந்திருந்தது.

மாடியில் ஒரு பொருளின் முன் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அது ஒரு குதிரையின் தலை. பிராண்டன்பர்க் வாயிலின் உச்சியில் நான்கு குதிரைகள் பூட்டிய ரதத்தில் விஜயதேவதை வரும் சிற்பத்தை அறியாதவர் இரார். சிற்பி யோஹான் காட்ஃப்ரீட் ஷாடோ வடிவமைத்து, தாமிரத் தகட்டை அடித்து உருவாக்கி, 1793-இல் ஏற்றிய அந்த ரதத்தை, 1806-இல் நகருக்குள் புகுந்த நெப்போலியன் கழற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனான். அவன் வீழ்ந்தபின் 1814-இல் அது வெற்றி முழக்கத்தோடு திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அது சிதைந்தது. இன்று வாயிலின் மீது நாம் காண்பது, போர்க்காலத்தில் எடுத்து வைத்திருந்த அச்சுகளைக் கொண்டு 1958-இல் புதிதாகச் செய்து ஏற்றிய பிரதி. ஷாடோவின் மூலச் சிற்பத்தில் எஞ்சியது இந்தத் தலை மட்டுமே. உயரத்திலிருந்து நோக்குபவர்க்காகச் செய்யப்பட்டதாகையால், அருகில் நின்று பார்க்கும்போது அது எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. விரிந்த நாசித்துவாரங்கள், தெறித்தெழும் பிடரி, பச்சை பூத்த தாமிரத்தில் ஆங்காங்கே ஒடுக்கு, கிழிசல், மேடு பள்ளம். எனக்கு அருகில் நின்ற ஒரு சிறுமி தன் பாட்டியைப் பார்த்து, மற்ற மூன்று குதிரைகளும் எங்கே என்று கேட்டாள். யுத்தத்தில் போய்விட்டன என்று பாட்டி சொன்னாள். யுத்தத்தைப் பற்றி அதற்குமேல் எந்த விளக்கமும் அவ்விடத்தில் தேவைப்படவில்லை.

சக்கரவர்த்தி பனோரமா என்று பெயர்பெற்ற யந்திரம் அடுத்து என்னைக் கவர்ந்தது. மரத்தால் செய்த பெரிய வட்டமான பெட்டி. அதைச் சுற்றி 25 பேர் உட்காரலாம். ஒவ்வோர் ஆசனத்துக்கும் எதிரே இரு கண்ணாடித் துளைகள். ஆகஸ்ட் ஃபூர்மன் என்பவர் அமைத்த இந்த யந்திரம் 1883-இல் பெர்லினுக்கு வந்து, சினிமா தோன்றாத அக்காலத்தில் உலகத்தையே ஜனங்களின் கண்முன் நிறுத்தியது. வால்டர் பெஞ்சமின் தமது பெர்லின் பால்ய நினைவுகளில் இதைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார். நான் முக்காலியில் அமர்ந்து, பித்தளை வளையத்தின் குளிர்ச்சி புருவத்தில் பட, உள்ளே நோக்கினேன். கண்ணாடித் தகட்டில் பதித்த இரட்டைப் புகைப்படம் பின்னொளியில் ஒன்றாகிக் கனபரிமாணத்தோடு எழுந்தது. குதிரை இழுக்கும் டிராம் வண்டி, தொப்பியணிந்த கனவான்கள், பூக்கூடையை இடுப்பில் வைத்து நிற்கும் ஒரு பெண். கை நீட்டினால் அந்தக் கூடையைத் தொட்டுவிடலாம் போல் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று விழையும் சமயத்தில் ஒரு சிறு மணி ஒலித்தது. உள்ளிருந்த சக்கரம் மெல்ல அசைந்தது. அவள் அடுத்த ஆசனத்துக்காரரிடம் போய்விட்டாள். காலத்தின் இயல்பை இவ்வளவு எளிய முறையில் உணர்த்தும் யந்திரம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

கீழ்த்தளத்தில் தானே இசைக்கும் வாத்தியங்களின் முன்பு பெருங்கூட்டம். கைப்பிடியைச் சுழற்றினால் பாடும் தெருவாத்தியப் பெட்டிகளைச் செய்வதில் பெர்லின் ஒரு காலத்தில் தேர்ச்சி பெற்றிருந்தது. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய பாசிகாலூபோ முதலிய குடும்பத்தினர் ஷோன்ஹவுசர் வீதியில் பட்டறை வைத்து அவற்றைச் செய்தார்கள். வாடகை வீட்டின் பின்முற்றத்தில் இப்பெட்டி ஒலித்தால், மேல்மாடிச் சன்னல்கள் திறந்து, காகிதத்தில் சுற்றிய சில்லறைக் காசுகள் விழுமாம். அயல்நாட்டார் செய்த வாத்தியமே இந்நகரத்தின் சொந்தக் குரலாகிவிட்டது. அன்றிரவு பணியாளர் ஒருவர் பெட்டியை இயக்கியபோது, வயது முதிர்ந்தவர்கள் பலர் பாட்டின் சொற்களை அறிந்து உடன் பாடினார்கள். சொற்களை அறியாத இளைஞர்கள் தாளமிட்டார்கள்.

இவ்வளவு இனிமையோடு அந்த இரவு முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுத முற்பட்டிருக்க மாட்டேன். நகரத்தின் பெருமையைச் சொல்லும் இல்லங்கள் உலகில் பல உண்டு. தன் அவமானத்தையும் சொல்லத் துணிந்த இல்லங்கள் சிலவே. 1933-இல் பெர்லினில் ஏறக்குறைய 1,60,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நாஜிகளின் ஆட்சியில் அவர்களுள் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 1939 பிப்ரவரியில், யூதர்கள் தங்கள் பொன், வெள்ளி, ரத்தினங்களையெல்லாம் நகர அடகு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. தலைமுறை தலைமுறையாக வீடுகளில் பேணிய விளக்குகளும் கிண்ணங்களும் கரண்டிகளும் அவ்வாறு குவிந்தபோது, அவற்றிலிருந்து வெள்ளிப் பொருள்களை வாங்கித் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது இதே பொருட்காட்சிசாலைதான். அப்போது அதன் தலைவராக இருந்தவர் வால்டர் ஸ்டெங்கல். குடிமக்களின் அன்பளிப்பினால் வளர்ந்த ஒரு ஸ்தாபனம், அதே குடிமக்களில் ஒரு பகுதியாரிடமிருந்து பறித்ததைக் கொண்டு தன் அலமாரிகளை நிரப்பிய கதை இது. பிற்காலத்தில் அந்த ஸ்தாபனமே தன் ஏடுகளைப் புரட்டி, இவ்வரலாற்றை ஆராய்ந்து, ஊரறியச் சொல்லியிருக்கிறது. சொல்லாமல் மறைத்திருந்தால் அதன் மற்றக் கதைகளையும் நான் நம்பியிருக்க முடியாது.

போருக்குப் பின் வந்த பிரிவினை, பொருட்காட்சிசாலையையும் பிளந்தது. இக்கட்டடம் கிழக்கு பெர்லினில் அகப்பட்டுக்கொண்டது. 1961 ஆகஸ்டு 13-இல் சுவர் எழுந்து மேற்கு மக்களுக்கு இதன் வழி அடைபட்டதும், 1962-இல் அவர்கள் தங்களுக்கென்று வேறொரு நகரப் பொருட்காட்சிசாலையைத் தோற்றுவித்தார்கள். ஒரே நகரத்தின் கதையை இரண்டு வீடுகள் இரண்டு விதமாகச் சொல்லி வந்த அந்த விபரீதம், சுவர் வீழ்ந்த பிறகு 1995-இல் இரண்டும் ஒரே அறநிறுவனத்தின்கீழ் இணைந்ததோடு நீங்கியது.

அந்தப் பிரிவினைக் காலத்து நகரப்படம் ஒன்றின் முன்னால் நின்றிருந்தபோது, பின்னாலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. “தம்பி, நீங்கள் இந்தியாவோ?” திரும்பிப் பார்த்தேன். அறுபது வயதைக் கடந்த ஒருவர், தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். “ஆம், ஐயா” என்றேன். படத்தின் தென்கிழக்கு மூலையைச் சுட்டிக்காட்டி, அவர் சொல்லலானார்: “இதுதான் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கொழும்பில இருந்து மொஸ்கோ, மொஸ்கோவில இருந்து இஞ்ச. எண்பத்தஞ்சாம் ஆண்டுத் தொடக்கத்தில வந்தனான். கையில ஒரு பை. ரயில் ஏறி ஃப்ரீட்ரிக் வீதி நிலையத்தில இறங்கி, மற்றப் பக்கத்து ரயிலைப் பிடிச்சால் மேற்கு. இந்த ஊர்ச் சனம் உயிரைக் குடுத்தும் தாண்டேலாத இடத்தை, நாங்கள் டிக்கெட் எடுத்துத் தாண்டினம், தம்பி.”

அவர் கூறியது சரித்திர உண்மை. கிழக்கு ஜெர்மனி இடைவழிப் பயணிகளுக்கு அனுமதி அளித்தது. மேற்கு பெர்லினோ, நகரம் ஒன்றே என்ற தன் கொள்கையினால் அந்த எல்லையில் வருவோரைத் தடுத்து விசாரிக்கவில்லை. இனக்கலவரத்துக்கு அஞ்சி இலங்கையை விட்டுப் புறப்பட்ட தமிழர்கள் பலர் இவ்வழியே புகலிடம் அடைந்தார்கள். 1985-இல் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைக்க இசைந்தது. சுவரின் அருகே குறைந்தது 140 பேர் உயிரிழந்த அதே நகரத்தில் நம் மக்களுக்கு ஒரு வாயில் சில காலம் திறந்திருந்தது என்பதை நான் ஏடுகளில் படித்திருந்தேன். கடந்து வந்த மனிதரின் வாயால் கேட்டது அன்றுதான். விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை வாழ்ந்து, 1934-இல் உயிர் நீத்த நகரமும் இதுவே என்று நான் சொன்னபோது, அவர் அதைத் தம் பேத்திக்கு ஜெர்மன் மொழியில் எடுத்துரைத்தார். அவள் தாத்தா வந்த வழியைப் படத்தில் விரலால் தொடர்ந்து பார்த்தாள். இந்த நகரத்தில் பிறந்த அச்சிறுமிக்கு, தன் குடும்பத்தின் கதையும் நகரத்தின் கதையும் ஒரே படத்தில் கிடைத்துவிட்டன.

நள்ளிரவு கடந்து நான் வெளியே வந்தபோதும் வாயிலில் வரிசை குறையவில்லை. பூங்காவின் மரங்களுக்கடியில் பெஞ்சுகளில் அமர்ந்து மக்கள் உரையாடிக்கொண்டிருந்தார்கள். விழாப் பேருந்துகள் வந்து நின்று புதியவர்களை இறக்கிவிட்டுச் சென்றன. பண்டித சபைகளில் மட்டும் பேசப்படும் சரித்திரம் ஒரு தேசத்தைக் காப்பாற்றாது. நாள்முழுதும் உழைத்த மனிதன் களைப்பைப் பாராட்டாமல் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு தன் ஊரின் நன்மையையும் தீமையையும் காண வருகிறான் என்றால், அந்த ஊர் இரண்டு போர்களையும் ஒரு சுவரையும் கடந்து எழுந்ததன் ரகசியம் ஒருவாறு விளங்குகிறது.

அந்தச் செங்கல் மாளிகை 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முழுமையான புதுப்பிப்புக்காக மூடப்பெற்று, வேலைகள் பல ஆண்டுகள் நடக்குமாறு திட்டமிடப்பட்டிருக்கிறது. அதுவரையில் நதியின் மறுகரையில் உள்ள எஃப்ரைம் மாளிகை நகரத்தின் கதையைச் சொல்லும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. 1936-இல் இடிக்கப்பட்டு, முகப்புக் கற்கள் மேற்கிலே கிடக்க, இரு பகுதியினரும் பேசி அக்கற்களைத் திருப்பியளித்து, 1987-இல் மீண்டும் எழுந்து முடிந்த மாளிகை அது. பெர்லினுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் தமிழன்பர்கள் பிரயாணத்தை ஆகஸ்டு மாத இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரவர்த்திகளின் செல்வத்தைப் பகலில் பாருங்கள். நீண்ட இரவின் சீட்டை வாங்கிக்கொண்டு குடிமக்களின் செல்வத்தை இரவில் பாருங்கள். இரண்டில் எது பெரிது என்பதை நீங்களே தீர்மானிப்பீர்கள். என்னைப் பொறுத்தவரையில், ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்யக்கூடிய உபகாரங்களுள், அவர்கள் வரக்கூடிய வேளையில் தன் வரலாற்றின் கதவைத் திறந்து வைப்பதைவிட மேலானவை மிகச் சிலவே.